அரசமரத்தடியில் சாய்ந்திருந்த பூப்படங்கள்

காய்ந்த பூக்களை வெல்வெட் துணியில் ஒட்டி, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் என் முகம் கோணிவிடுகிறது. காபி கொடுத்தால் குடிப்பேன். பிள்ளைகளை விசாரிப்பேன். அந்தப் படத்தைக் காட்டி, "இது நானே பண்ணினது" என்று வீட்டு அம்மாள் ஆரம்பித்தால் மட்டும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவேன். பூ என்றால் காலையில் பறித்து, தலையிலோ சாமிக்கோ வைத்து, மறுநாள் எருக்குழியில் போட வேண்டியது. செத்ததைக் காயப்போட்டு, சாயம் போனதற்குச் சாயம் ஏற்றி, பசை தடவிப் பெட்டிக்குள் அடைத்து, அதை அழகு என்று சொல்லிக்கொள்ள ஒரு தனித் துணிச்சல் வேண்டும். வேறு வேலை இல்லாதவர்களுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

இந்த வெறுப்பு எனக்குச் சும்மா வரவில்லை. காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஜூஜுவாடிக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு ஆத்திரம் வந்தால் தெலுங்கில் திட்டுவார், அம்மா கன்னடத்தில் முணுமுணுப்பாள், சமாதானம் மட்டும் தமிழில் நடக்கும். ஓசூரில் தொழிற்பேட்டை வந்தபோது எங்கள் பூமி முழுவதும் அதற்குள் போய்விட்டது. வந்த பணம் வந்த வழி தெரியாமல் கரைந்தது. மிச்சமாகக் கையில் நின்றது ஒரே ஒரு வாக்குறுதி. நிலம் கொடுத்த குடும்பத்தில் ஓர் ஆளுக்குக் கம்பெனியில் வேலை கொடுப்பார்கள்.

அந்த ஓர் ஆள் அண்ணனாக இருக்க வேண்டும் என்பதுதான் வீட்டின் ஆசை. அண்ணன் எட்டாவதில் நின்றுவிட்டவன். கம்பெனியோ பத்தாவது பாஸ் கேட்டது. வீட்டில் பத்தாவது தாண்டியிருந்தவள் நான் ஒருத்திதான். சித்தப்பா வந்து, "வயசுப் பொண்ண மெசின்கிட்ட அனுப்பறியே, நாளைக்கு எவன் கட்டுவான்" என்று கத்திவிட்டுப் போனார். மறுநாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பெனி கேட்டில் நிறுத்தினார்.

"பூமிய குடுத்துட்டேன். அதுக்குப் பதிலா நீதான் இருக்குற. கெடுத்துக்காத" என்றார்.

மின்சார மீட்டர் செய்கிற கம்பெனி அது. எண்பதுகளின் பின்பாதி. என்னை அசெம்பிளி லைனில் டிரெய்னியாகப் போட்டார்கள். மீட்டரின் முள்ளை ஆட்டுகிற ஒரு சுருள் கம்பி உண்டு. தலைமுடியை விட மெல்லியது. ட்வீசரால் அதைத் தூக்கி, லென்சுக்குக் கீழே பார்த்து, அதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். மூச்சு பலமாக விட்டால் பறந்துவிடும். முதல் வாரம் என் மேஜையைச் சுற்றிக் கம்பிகள் சிதறிக் கிடந்தன, சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கை படிந்தது. நான் மாட்டிய மீட்டரில் முள் பூஜ்யத்தில் போய் அசையாமல் நிற்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கும். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு எதிலும் கிடைத்ததில்லை. ஒரு பெண்பிள்ளை இதை எல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்பதால் சொல்லவில்லை.

பயிற்சிக் காலம் முடிந்தால் பர்மனென்ட் செய்வார்கள். பிடிக்காவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பியும் விடுவார்கள். இரண்டில் எது என்று முடிவு செய்கிறவர் பெர்சனல் மேனேஜர். அவருக்கு எது பிடிக்கும் என்று முடிவு செய்கிறவர் அவருடைய மனைவி. எங்கள் எல்லோருக்கும் மேடம்.

மேடம் டெல்லியில் வளர்ந்த தமிழச்சி. தமிழ் பேசுவார், ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் பல்லில் படாமல் எடுத்து வைப்பார். கல்யாணமாகி எத்தனையோ ஊர் பார்த்தவருக்கு ஓசூர் என்றாலே சலிப்பு. "இங்க ஒண்ணுமே இல்லையே, வெறும் பாறையும் பஸ்ஸும்" என்பார். அந்தச் சலிப்பைப் போக்கிக்கொள்ள ஏதோ பத்திரிகையைப் பார்த்துப் பூ காயவைக்கும் கலையைக் கற்றுக்கொண்டார். கற்றதோடு நின்றிருந்தால் அவர் வீட்டுச் சுவரோடு போயிருக்கும். ஆபீசர் மனைவிகளைச் சேர்த்து வகுப்பு வேறு ஆரம்பித்தார்.

அந்த வகுப்பைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது. ஆபீசர் அம்மாக்கள் பட்டுப்புடவையில் வந்து, பிஸ்கட் சாப்பிட்டு, ஆளுக்கு ஓர் இதழை ஒட்டிவிட்டு, "ஹவ் நைஸ்" என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். பூ பறிப்பது, காயவைப்பது, பிரிப்பது, அடுக்குவது எல்லாம் யார் செய்வது? அதற்குத்தான் டிரெய்னிப் பெண்கள் இருந்தார்கள். ஒருநாள் மேடம் லைனுக்கே வந்து, எங்கள் கைகளை மாடு வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பது போல் பார்த்தார். என் கையைத் தூக்கி, "இந்தப் பொண்ணு கை நடுங்கவே இல்லையே" என்றார். சூப்பர்வைசர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

"கூலி எதுவும் இல்லம்மா, இது ஆர்ட்" என்றார் மேடம். "ஆனா சார்கிட்ட உன் பேரைச் சொல்றேன். லிஸ்ட் போடறப்போ ஞாபகம் வச்சுப்பார்."

அந்த லிஸ்ட் என்ற ஒரு சொல்லுக்காக நான் என்னவெல்லாம் செய்தேன் என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ரோஜாவை வீட்டுக்குக் கொண்டுவந்து காம்பைச் சேர்த்துக் கட்டி, தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். இருட்டாகவும் காற்றோட்டமாகவும் இருக்கிற இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் பரண் அடிதான். அம்மா முதல் நாளே பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, பூவைத் தலகீழா கட்டித் தொங்கவுடறாளே உங்க மேடம், எந்த ஊட்டுல செத்தா இப்பிடிக் கட்டுவாங்க? வெளக்கு ஏத்தற ஊடு இது."

"லிஸ்ட் வர்ற வரைக்கும்மா."

"லிஸ்ட்டு வர்றதுக்குள்ள மூதேவி வந்துடுவா."

அம்மாவைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவள் சொன்னது எனக்கும் உள்ளூரப் பட்டது. எங்கள் பக்கத்தில் வாடின பூவை மறுநாள் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். சாமி படத்தில் காய்ந்த சரம் தொங்கினால் வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், அந்த வீட்டில் பொம்பளை இருக்கிறாளா என்று கேட்பார்கள். கடைசியில் பரணுக்கு அடியில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டி, விளக்கு மாடத்திலிருந்து மறைத்து, அதற்குப் பின்னால் தொங்கவிட அனுமதி கிடைத்தது. தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் அடுப்படிக்குள் வர வேண்டும்.

ரோஜா காய்ந்ததும் அதன் சிவப்பு எங்கே போகிறதோ தெரியாது. ஈரல் நிறத்துக்கு வந்துவிடும். வெள்ளைப் பூ கறை படிந்த வேட்டி நிறம். மஞ்சள் சாமந்தி உதிர்ந்து உமியாகும். மழை நாளில் பூஞ்சணம் பூத்துப் போர்வை போர்த்திக்கொள்ளும். நிறம் போகாமல் இருக்க வேண்டுமென்று மேடம் கம்பெனியில் பார்ட்ஸ் பெட்டிகளோடு வரும் சிலிகா ஜெல் பைகளைச் சேர்த்துக் கொடுத்தார். நீல நிறக் கற்கண்டு மாதிரி இருக்கும். ஒரு டப்பாவில் பூவை நிறுத்தி, அந்த நீலக் கல்லைச் சுற்றிலும் மெதுவாகக் கொட்டி, இதழுக்குள் எல்லாம் நிரப்பி மூடிவிட வேண்டும். பூவின் ஈரத்தை அது உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச நீலம் வெளுத்து ரோஸ் நிறமாகும். அப்புறம் அதை வாணலியில் போட்டுச் சூடேற்றினால் மறுபடி நீலமாகிவிடும். உப்புமாவுக்கு ரவை வறுக்கிற வாணலியில் கம்பெனிக் கல்லை வறுத்தவள் இந்தப் பூமியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மா அந்த வாணலியை அதற்குப் பிறகு அடுப்பில் ஏற்றவே இல்லை.

அடுத்தது ஒட்டுவது. கறுப்பு வெல்வெட் துணியைத் தெர்மாகோல் அட்டையில் இழுத்துக் கட்டி, அதன்மேல் இதழ் இதழாக, இலை இலையாக ஒட்ட வேண்டும். பசை ஒரு பொட்டு அதிகமானால் இதழ் ஊறிக் கரையும். குறைந்தால் கண்ணாடிக்குள் உதிர்ந்து அடியில் குப்பையாகக் கிடக்கும். என் ட்வீசர் கை இதற்கு ரொம்ப ஒத்துப்போனது என்பதுதான் எனக்கு வந்த வினை. மற்றப் பெண்கள் ஒன்று ஒட்டுவதற்குள் நான் இரண்டு முடிப்பேன். மேடம் தட்டில் பூவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பின்னால் நின்று பார்ப்பார். முடிந்ததும் மூலையில் தன் பெயரின் முதல் எழுத்தைத் தங்க நிறத்தில் போட்டுக்கொள்வார். அந்த ஒரு வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சில படங்களில் ஒரு மாதம் கழித்துக் கண்ணாடிக்குள் சின்ன வண்டு ஊரும். பூவுக்குள் முட்டையிட்டிருந்தது பொரிந்து, வெளியே வர வழியில்லாமல் வெல்வெட்டில் சுற்றிச் சுற்றி வரும். ஓர் ஆபீசர் வீட்டு ஹாலில் அதை நான் பார்த்தேன். அந்த அம்மாள், "இயற்கை இயற்கையாவே இருக்கு பாரு" என்றார். எனக்குச் சிரிப்பதா துப்புவதா என்று தெரியவில்லை.

அந்த வருஷம் நவராத்திரிக்கு மேடம் பங்களாவில் கொலு வைத்தார். தொழிலாளிகளின் மனைவிகள், அம்மாக்கள் எல்லோரையும் அழைத்தார். எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்குக் கொலு வழக்கம் கிடையாது. மேனேஜர் வீட்டிலிருந்து அழைப்பு என்றதும் இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். என் அம்மாவும் வந்தாள். சுண்டல் கொடுத்தார்கள். யாரோ ஓர் அம்மாள் பாட்டுப் பாடினார். முடிந்ததும் மேடம் ஒவ்வொருத்திக்கும் நெற்றியில் குங்குமம் வைத்து, தாம்பூலப் பை கொடுத்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி. அவற்றோடு கைக்கு அடக்கமாக ஒரு கண்ணாடிப் படம். கறுப்பு வெல்வெட்டில் காய்ந்த ரோஜா.

சுமங்கலிப் பெண்ணுக்குத் தாம்பூலத்தோடு செத்த பூவைக் கொடுத்தவர் இந்தப் பக்கத்தில் அவருக்கு முன்னும் பின்னும் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வாங்கினவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கை நீண்டது நீண்டபடி நின்றது. ஒருத்தி முந்தானையால் மூடி வாங்கினாள். இன்னொருத்தி இடது கையால் வாங்கப் போய், பக்கத்தில் இருந்தவள் இடிக்க, வலது கையை நீட்டினாள். ஆனால் வாயைத் திறந்து ஒருத்தியாவது வேண்டாம் என்றாளா? "ரொம்ப அழகுங்க மேடம்." "கண்ணுல ஒத்திக்கலாம் போலக்குதுங்க." புருஷன் வேலை மேடம் புருஷன் கையில். நாக்கில் தேன் ஒழுகாமல் என்ன செய்யும்?

வெளியே வந்து ரோட்டைத் தாண்டியதும் எல்லா நாக்கும் திரும்பிவிட்டது.

"கட்டுக்கழுத்திக்கு இத்தக் குடுக்கறாளே, இவளுக்குப் பெத்தவ சொல்லிக் குடுக்கலியா?" என்றாள் ஒருத்தி.

"ஊட்டுல கொண்டும்போய் மாட்டினா அவுரு என்னையே தூக்கி வெளிய போட்டுடுவாரு" என்றாள் இன்னொருத்தி.

"அப்ப தூக்கிப் போடு."

"குங்குமத்தோட குடுத்ததக்கா. எப்பிடிக் குப்பையில போடறது?"

அதுதான் சிக்கல். வீட்டில் வைக்க முடியாது, செத்த பூ. குப்பையில் போட முடியாது, மஞ்சள் குங்குமத்தோடு வந்தது. பஸ் ஏறுகிற வரை அதே பேச்சு. ஆளுக்கொரு யோசனை. எதுவும் முடிவாகவில்லை.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்புக்குப் போனபோது பார்க்கிறேன். ஹைவே ஓரத்து அரசமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார் உண்டு. வீட்டில் உடைந்த சாமி படம், கண்ணாடி போன லட்சுமி, பழைய காலண்டர் முருகன், மூக்கு உடைந்த மண்பொம்மை எல்லாவற்றையும் அந்த மரத்தடியில்தான் கொண்டுபோய்ச் சாய்த்து வைப்பார்கள். கும்பிட்டதைக் காலில் படுகிற இடத்தில் போட முடியாது, அதனால் சாமியிடமே விட்டுவிடுவது. எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். அன்றைக்கு அந்த உடைந்த சாமிகளுக்கு நடுவே, மரத்தைச் சுற்றி வரிசையாக, மேடத்தின் பூப்படங்கள் சாய்ந்திருந்தன. ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. தனித்தனியாக வந்து, தனித்தனியாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாதிக்கு மேல் என் கையால் ஒட்டினவை, அவை ஒவ்வொன்றையும் எனக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதில் இருந்தது. அம்மா விடியற்காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று போனது இதற்குத்தான்.

மரத்தடியைக் கூட்டி விளக்கு வைக்கிற ஓர் அம்மாள் இருந்தார். கண் சரியாகத் தெரியாது. தினமும் அங்கே சாய்ந்திருக்கிற படங்களுக்கெல்லாம் வரிசையாகக் குங்குமம் வைத்துக்கொண்டே போவார். அன்றைக்குப் பூப்படங்களுக்கும் வைத்துவிட்டார். ஒவ்வொரு கண்ணாடியிலும் நடுநெற்றியில் வைத்த மாதிரி ஒரு பொட்டு.

நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடத்தின் கார் வந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற நேரம். கார் கொஞ்சதூரம் போய் நின்று, பின்னாலேயே வந்தது. மேடம் இறங்கினார். என் பேர் லிஸ்ட்டில் ஏறுவதற்கு முன்பே அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்பாவின் முகம் கண்முன் வந்தது.

மேடம் மரத்தடியில் நின்று, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியாம்மா. சாமியோட சாமியா வச்சுக் கும்பிடறாங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு நாள் இந்த ஊரை நான் புரிஞ்சுக்கவே இல்ல. எளிய ஜனங்களுக்குத்தான் அழகு தெரியும்" என்றார். பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு பெண்கள், முந்தின நாள் பை வாங்கினவர்கள்தான், முந்தானையை வாயில் வைத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு மேடத்தின்மேல் வந்தது இளக்காரம்தான். இவ்வளவு படித்து, இவ்வளவு ஊர் சுற்றி, குப்பைக்கும் கோயிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மமா என்று பஸ்ஸில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு போனேன். லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தோம். லஞ்ச் நேரத்தில் ஒருத்தி தட்டைப் பூப்படம் போல ஏந்திக்கொண்டு மேடம் மாதிரி நடந்து காட்டினாள். ட்வீசர் பிடித்த கை சிரிப்பில் நடுங்கி, அன்றைக்கு மட்டும் எனக்கு இரண்டு மீட்டர் ரிஜெக்ட் ஆனது.

சிரிப்பு அடங்குவதற்குள் விஷயம் பெரிதாகிவிட்டது. மேடம் ஆள் வைத்து அந்த மரத்தடியைப் போட்டோ எடுத்தார். கம்பெனி பத்திரிகையில் அது அட்டைப்படமாக வந்தது. ஆண்டு விழாவில் பெர்சனல் மேனேஜர் மைக்கைப் பிடித்து, நம் தொழிலாளிகளின் குடும்பங்கள் கலையைத் தெய்வமாக வணங்குகின்றன என்று பேசினார். எங்கள் வரிசையில் எல்லோரும் கை தட்டினார்கள். மரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டவர்களும்தான் தட்டினார்கள். அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு மேடத்தின்மேல் இருந்த எரிச்சல் இவர்கள்மேல் திரும்பியது. எம்.டி. எழுந்து, நிலம் கொடுத்த குடும்பத்துப் பெண்களுக்காக ஒரு கைவினை மையம் கட்டித் தருவோம் என்று அறிவித்தார். அதற்கும் தட்டினார்கள்.

லிஸ்ட் வந்தது. என் பேர் இருந்தது. பர்மனென்ட். பேருக்கு நேரே அசெம்பிளி என்று இருக்க வேண்டிய இடத்தில் உதவியாளர், கைவினை மையம் என்று இருந்தது.

நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கத் தேவை இல்லாமல் சூப்பர்வைசரே சொன்னார். "மேடம் கேட்டு வாங்கிட்டாங்கம்மா உன்னை. அதிர்ஷ்டக்காரி. லென்சுல பாத்துக் கண்ணு வலிக்க வேலை செய்ய வேணாம், பூவோட இருக்கலாம்."

அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேஜையைத் தூக்கி எறிந்திருப்பேன். மேஜை தரையோடு போல்ட் போட்டது. நேரே பங்களாவுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். இந்த மையமே ஒரு பொய்யின் மேல் நிற்கிறது, அந்தப் பொய்யை எடுத்துவிட்டால் மையமும் இருக்காது, என்னை மறுபடி என் லைனுக்கே அனுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான் என் கணக்கு.

மேடம் வராந்தாவில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் காம்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணுங்க. அந்த மரத்தடியில வச்சது கும்பிடறதுக்கு இல்லீங்க."

"ம்."

"ஊட்டுல வச்சிக்கக் கூடாதத கொண்டாந்து வுடற எடங்க அது. ஒடஞ்ச சாமி படமெல்லாம் அங்கதான் போடுவாங்க. காஞ்ச பூ ஊட்டுக்கு ஆவாதுங்க. குங்குமத்தோட குடுத்தீங்கன்னு குப்பையில போட மனசு வராம அங்க வச்சிட்டுப் போனாங்க. எங்கம்மாவுந்தான் வச்சாங்க."

கத்தரிக்கோல் நிற்கவில்லை. ஒரு காம்பை வெட்டி, தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"தெரியும்."

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்தது.

"அன்னிக்குச் சாயங்காலமே டிரைவர் சொல்லிட்டார். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது, ஒரு நாள் சாப்பிடக்கூட இல்ல. ஆனா அதுக்குள்ள சார் எம்.டி.கிட்ட ஃபோன்ல சொல்லிட்டார். அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இப்ப போய் அது குப்பைன்னு சொல்ல முடியுமா? சொல்லி யாருக்கு என்ன லாபம்? யாருக்கும் நஷ்டமில்லையே. உனக்கும் வேலை ஆச்சு."

"எனக்கு லைன்ல வேணுங்க மேடம்."

"உன் சீட்டுக்கு ஆள் போட்டாச்சு. பெங்களூர்லேர்ந்து டிப்ளமா பையன், சாருக்கு வேண்டியவங்க. நிலம் குடுத்த குடும்பத்துக்கு ஒரு போஸ்ட், அதான ரூல்? உன் குடும்பத்துக்கு அந்த போஸ்ட் இதுதான். வேணாம்னா வேணாம்னு எழுதிக் குடுத்துடு. அப்புறம் உங்க வீட்டுல வேற யாருக்கும் கேக்க முடியாது."

சொல்லிவிட்டு அடுத்த காம்பை எடுத்தார். குரலில் கோபமில்லை, மிரட்டல் இல்லை. மார்க்கெட்டில் காய் விலை சொல்வது மாதிரி சொன்னார். அதுவரை அவரை முட்டாள் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். முட்டாளாக இருந்தால் மன்னித்துக்கூட இருப்பேன். என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கோயிலும் தெரியும், குப்பையும் தெரியும். நிலம் கொடுத்தவர்களுக்குச் செய்துவிட்டோம் என்று கணக்குக் காட்ட ஓர் ஆள் வேண்டும், நல்ல சீட்டைத் தங்கள் ஆளுக்குக் காலி செய்யவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துக் காய்ந்த ரோஜா உதவியது. அவ்வளவு அருவருப்பு அதற்குப் பிறகு நான் யார்மேலும் பட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தடி, டிரைவர், டிப்ளமா பையன், ஒன்று விடாமல். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அதெல்லாம் எனுக்கு எதுக்கும்மா. பர்மனென்ட்டா, இல்லியா?"

"பர்மனென்ட்தான்."

"அப்ப போ" என்றார்.

அன்று மாலையே ஊர் முழுக்க, பூமி குடுத்தோம், மவளுக்கு நெலையான வேலை குடுத்துட்டாங்க என்று சொல்லிக்கொண்டு வந்தார். சித்தப்பா வீட்டுக்கும் போய்ச் சொன்னார். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்குத் தைரியம் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மையத்தில் முதல் நாள் காலை, மேஜைமேல் ஒரு சாக்கைக் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். பெரிய பூங்கொத்துகளுக்கு ஓரம் வைக்கப் பெங்களூரிலிருந்து காசு கொடுத்து வாங்கி வந்த சரக்காம். கட்டுக் கட்டாகக் காய்ந்த கேழ்வரகுக் கதிர். பக்கத்தில் ஒரு டப்பா தங்க நிறப் பெயின்ட். தொழிற்பேட்டைக் கட்டிடங்களுக்கு அடியில் போன எங்கள் பூமியில் கடைசி வருஷம் வரை அப்பா போட்டது கேழ்வரகுதான். நன்றாக விளைந்த வருஷங்களில் வீட்டுக்குள் கால் வைக்க இடமிருக்காது. "ஒவ்வொரு கதிரா எடுத்து அடிம்மா, மணி உதிரக்கூடாது" என்றார் மேடம். நான் பிரஷ்ஷை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன்.